நான்கு முறை கழுவிய களிமண்ணுடன் அடுகோடிக்கு

சேலத்தில் எங்கள் ஆய்வகத்தில் களிமண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் கருவி கிடையாது. அதனால் போன ஆகஸ்டில் பெங்களூரு போனேன். களிமண்ணை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, கழுவி உலர்த்தினால், வேதிவினைகளில் திரவ அமிலத்தின் வேலையை அதுவே செய்யும். வடிகட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். என் ஆய்வேடே இதை நம்பித்தான் இருந்தது. சமர்ப்பிக்க அப்போது ஒரு மாதம் பாக்கி.

காலை ஐந்து மணிப் பேருந்து, 260 ரூபாய். எட்டரைக்கே பெங்களூரு எல்லையில் உள்ள சந்தாபுரா வந்துவிட்டது. அங்கிருந்து மடிவாளாவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரம் ஆனது. அடுகோடிக்கு ஆட்டோ 90 ரூபாய்.

"பையில இன்னா சார், மடியிலயே வச்சினு வர்றீங்க?" என்றார் ஓட்டுநர்.

"மண்ணு."

"இங்க இல்லாத மண்ணா சார்?"



நான் இறங்கியது, கட்டணம் வாங்கி மாதிரிகளை அளந்து தரும் ஒரு தனியார் ஆய்வகத்தில். கருவியை இயக்குபவர் செல்வி, ஈஜிபுராவில் குடியிருக்கும் திருவண்ணாமலைக்காரர். பொட்டலத்தைப் பிரித்ததுமே, "எத்தனை வாட்டி கழுவுனீங்க?" என்று கேட்டார்.

"நாலு."

அவர் ஒரு சிட்டிகை மண்ணை நீரில் குலுக்கி, வடிகட்டி, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். நீர் பால்போல் வெளுத்தது.

"ஆசிட் இன்னும் உள்ளயே கீது சார். இத மெஷின்ல போட முடியாது. உங்க ரியாக்‌ஷன் மண்ணால நடந்துச்சா, மிச்ச ஆசிட்டால நடந்துச்சா?"

இரண்டாம் முறை பயன்படுத்தியபோது கிடைத்த விளைபொருள் பாதியாகக் குறைந்திருந்தது. வடிகட்டும்போது மண் வீணாகியிருக்கும் என்று எழுதி வைத்திருந்தேன்; போனது மிச்ச அமிலமாக இருக்கலாம். அந்த சில்வர் நைட்ரேட் எங்கள் அலமாரியிலும் இருக்கிறது. கழுவக் கழுவ மண் நுண்ணியதாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும். அந்தச் சோம்பலில் நான்கோடு நிறுத்தியவன் நான்தான்.

பிற்பகலில் கருவி காலியாக இருந்ததால் செல்வி காய்ச்சி வடித்த நீர் கேனைத் தந்தார். ஒன்பதாவது கழுவலில்தான் நீர் தெளிவாகவே நின்றது. மூன்று மணி நேரம் ஓவனில் உலர்த்தி, ஆறரைக்கு முடிவு வந்தது.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குக் கருவியில் நேரம் கேட்டிருந்தால் முந்தைய நாளே பெங்களூரு வந்துவிடுங்கள். கழுவிய நீரில் அந்த ஒரு சொட்டை ஊரிலேயே விட்டுப் பாருங்கள்.

"அமிலத்தன்ம ரொம்பக் கம்மியா வந்துருக்கு சார்," என்று தாளை நீட்டினார் செல்வி. கம்மிதான். மூன்றாம் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுத வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சமும் களிமண்ணுடையது.