அரைப் பேரு போட்ட உடையப்பன்

உடையப்பன் எனக்குச் சொந்த அத்தை மகன். என் அப்பாவின் தங்கச்சி வீரம்மாவுக்கு ஒரே பிள்ளை. சொந்தம் என்பதற்காக அவனை நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

மலேசியாவில், சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. சாவு விழுந்தால் பந்தல் போட, பாடை கட்ட, குழி வெட்ட ஆட்கள் வருவார்கள். கூலி கிடையாது. ஐயாவு மாமா தலைவராக இருந்தவரை சைக்கிளில் வீடு வீடாகப் போய், "தம்பி, கொஞ்சம் கை குடுக்கணும்லா" என்பார். வேலை முடிந்தால் குழி வெட்டியவனுக்குத்தான் முதல் கோப்பி.

எழுபத்தெட்டில் மாமா கண்ணை மூட, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த உடையப்பன் தலைவரானான். ஆட்களை விரட்டியே பழகின வாய். முதல் சாவிலேயே இடுகாட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பிரட்டு வைத்தான். பால் வெட்டப் போகுமுன் விடியலில் பேர் கூப்பிடுவார்களே, அதேதான்.

எப்போதும் குழி வெட்ட வரும் அர்ச்சுனன் அன்றைக்குப் பிந்தி வந்தான்.

"ஏன் லேட்டு? உனக்கு இன்னிக்கு அரைப் பேருதான்!"

அரை நாள் சம்பளம்தான் என்று அர்த்தம்.

"சம்பளமே இல்லாத வேலைக்கு அரைப் பேரா அண்ணே? மிச்சத்த நீயே வெட்டிக்க!" மண்வெட்டியை அவன் காலடியில் வீசிவிட்டுப் போனான். அடுத்தடுத்த சாவுகளில் மற்றவர்களும் வேலைக்கு வராமல் நின்றுகொண்டார்கள்.

"ஒரு நடை போய்க் கூப்பிடு மச்சான்" என்றேன்.

"மண்டோர் போயிக் கெஞ்சுறதா?" என்றான்.

எண்பத்திரண்டில் வீரம்மா அத்தையே செத்தாள். எல்லாரும் வந்து முகம் பார்த்து அழுதார்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுந்திருப்பார்கள். இவனோ வாசலில் நின்று, "என்ன வேடிக்கை? நாலு பேர் குழிக்குப் போங்க!" என்று கத்தினான்.

"பிரட்டு வைக்காமலே வேலையா? பேர் கூப்பிடு அண்ணே" என்றான் அர்ச்சுனன். ஒருத்தரும் அசையவில்லை.

சடங்கு செய்ய வேண்டிய மகனே தாய்க்குக் குழி வெட்டப் போனான். எங்கள் சனத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. நானும் கூடப் போய் வெட்டினேன். அவன் தலை மறைந்த பிறகுதான் அர்ச்சுனன் பாடை கட்டினான். அதுவும் அத்தைக்காக. தூக்கி வந்து இறக்கினார்கள், ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், போய்விட்டார்கள். மூட நாங்கள் இரண்டு பேர்தான்.

"அடுத்த மீட்டிங்குல இவனுங்க பேரையெல்லாம் சங்கத்துலேருந்து வெட்டுறேன் பாரு" என்றான் உடையப்பன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"என் பேரையும் சேர்த்து வெட்டிரு மச்சான்."

குழி மூடினதும் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு நான் நடந்தேன்.