சிங்கப்பூரில் எடுத்த கொழுந்து

எங்கள் லயத்திலிருந்து வேலைக்கென்று விமானம் ஏறியவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். விளையாடுவதற்கென்று ஏறிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஓட்டினேன். கூட அம்மாவும் வந்தார் என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், உடப்புசல்லாவைப் பக்கம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கும் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், விடுமுறை நெருங்கிய ஒரு நாள் அவர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். நானும் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

"பெரிய விளையாட்டுப் பூங்கா ஒண்ணு இருக்குக்கா. புள்ளைக்கு ஒரு தடவ காட்டணும். அவளத் தனியா அனுப்ப முடியாதில்ல, தொணைக்கு நீங்க வாங்க. அது போதும்."

"எனக்கெதுக்குடா அதெல்லாம்?" என்றார் அம்மா.

"ஒங்களுக்கு யாரு சொன்னா? புள்ளைக்குக்கா."

எனக்காக என்றதும் அம்மாவால் மறுக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு நாள் லீவு போட்டு அறியாதவர் அவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவர். அந்தக் கதை எனக்கும் தெரியும். வாசலைத் திறந்தால் தெரியும் மலையை யார் நின்று பார்க்கிறார்கள்? நானும் அதை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அப்பா வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். டிசம்பர் மாதமென்றால் எங்கும் குளிரும் என்பது எங்கள் லயத்தின் தீர்மானம். அதனால் பக்கத்து வீட்டு அக்கா தன் கம்பளிச் சுவெட்டரை அம்மாவுக்கு இரவல் கொடுத்தார். சிங்கப்பூரில் இறங்கியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா சுவெட்டரைக் கழற்றவில்லை. கழற்றி எங்கேயாவது வைத்துத் தொலைந்துவிட்டால் அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? சேலைக்கு மேலே கம்பளியோடு, முகமெல்லாம் வேர்த்து வடிய, நான்கு நாளும் ஊர் சுற்றினார்.

பூங்காவுக்குப் போன அன்று வழியெல்லாம் மாமா புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். துப்பக் கூடாது, குப்பை போடக் கூடாது, கண்டதைத் தொடக் கூடாது. "ஏதாச்சும் பெரச்சினைன்னா எனக்கு வேல அனுமதியே போயிரும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா அதை அப்படியே மனதில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

உள்ளே வானத்தை முட்டும் நத்தார் மரமும், சோப்பு நுரையில் செய்த பனியும், பாட்டும் கூத்துமாக இருந்தது. எனக்கோ ஒரே ஒரு குறி. தண்டவாளத்தில் தலைகீழாகப் போகிற அந்த ரோலர் கோஸ்டர். மாமாவுக்கு வேறொரு குறி இருந்தது போலும். ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் நின்று, "நீங்களும் ஏறுங்கக்கா" என்று கெஞ்சினார். "புள்ள ஏறட்டும். நான் பையப் பாத்துக்கிறேன்" என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாமாவின் முகம் வாடியது. பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது நல்லதுதானே, இதற்கு ஏன் வாடுகிறார் என்று நான் நினைத்தேன்.

ரோலர் கோஸ்டருக்கு இரண்டு மணி நேர வரிசை. வளைந்து வளைந்து போன வரிசையின் இரு பக்கமும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட வேலிச்செடி. மழை பெய்து புதிதாய்த் துளிர்த்திருந்தது. அம்மாவும் எங்களோடு நின்றார், கடைசியில் பையை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதற்காக. கம்பளியின் புழுக்கத்தில் அவருக்குத் தலை சுற்றவே, மாமா தண்ணீர் வாங்கப் போனார்.

நான் மேலே கூச்சலோடு போகிற பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஏதோ அதட்டல் கேட்டுத் திரும்பினால், எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரரின் பொப்கோர்ன் பெட்டிக்குள் பச்சை இலைகள் கிடந்தன. அவர் தொப்பியிலும் இரண்டு. அம்மாவின் பார்வை எங்கோ தூரத்தில் இருந்தது. கைகள் இரண்டும் செடியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. துளிர் துளிராகக் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசினார். முதுகில் கூடை இல்லை என்பது அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்துக்கு வேலி மொட்டையாகியிருந்தது. நல்ல கொழுந்துக்காரி என்று பெயரெடுத்தவர் அல்லவா!

சீருடை அணிந்த காவல்காரப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா குனிந்து, கீழே கிடந்த இலைகளை அவசர அவசரமாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, இவர் உன்னோடு வந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்கு முன்னால் இருபது பேர்தான் இருந்தார்கள். ஆமாம் என்றால் வரிசையை விட்டுப் போக வேண்டும்.

"நோ" என்றேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு சொல் தெரியாதவர் யார்? நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை முடிந்துகொண்டு அவள் பின்னால் போய்விட்டார். வேலிக்கு அப்பால் ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள். மாமா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்ததும், அந்தப் பெண்ணிடம் கையைக் கூப்பிக் கூப்பிப் பேசியதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வரிசையில் ஓர் அடி முன்னே போனேன்.

கடைசியில் வாசல் வந்தது. அங்கிருந்த பையன் ஒரு கோலை வைத்து என் உயரத்தை அளந்தான். இந்த உயரத்துக்குப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் ஏற்றுவோம் என்றான். உன் அம்மா அப்பா எங்கே என்று கேட்டான்.

பெஞ்சைப் பார்த்து, "அம்மா!" என்று கத்தினேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. காவல்காரப் பெண்ணும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், முந்தானையில் கட்டியிருந்த இலைகளைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, கயிற்றை அவிழ்த்து அம்மாவையும் மாமாவையும் உள்ளே விட்டாள். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாமா வந்ததும் வராததுமாக, "அம்மாகூடப் போகாம நீ இங்க என்ன பண்ணிட்டிருந்த?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எடத்த வுட்டுறாதன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். அவள ஏசாத."

அன்று அம்மா பொய் சொன்னதில் எனக்கு நிம்மதிதான் வந்தது. வெட்கம் வரப் பல வருடம் ஆனது, நன்றி அதற்கும் பிறகுதான். என் அம்மாவுக்கு நான் எத்தனையோ விதத்தில் கடமைப்பட்டவள். அதில் முதலாவது அந்தப் பொய்.

மாமா என்னோடு ஏறுவார் என்று நினைத்தால், அவர் திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முதுகு வலிக்குதுக்கா. இதுல எல்லாம் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்கதான் புள்ளகூட ஏறணும்."

நாங்கள் வந்து இறங்கிய அன்று எங்கள் பயணப் பெட்டிகள் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிய மனிதர் அவர். அம்மா என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வேறு வழியில்லை. சுவெட்டரைக் கழற்றி, "பத்திரம்டா, எரவல்" என்று மாமாவிடம் கொடுத்தார்.

பெட்டி ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உச்சியிலிருந்து விழுந்தபோது "யாத்தே!" என்று அலறினார். இரண்டாவது வளைவில் அந்த அலறல் சிரிப்பாக மாறியது. கொண்டை அவிழ்ந்து முடி பறக்க, வாய்விட்டு, மூச்சு வாங்க, ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தார். அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

வேகம் குறைந்து பெட்டி நிலையத்துக்கு வந்தது. "இன்னொரு தடவ போவமா பாப்பா?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா சுவெட்டரை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். அவர் முகமும் நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டினார். எனக்குத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்து, நானும் ஆட்டினேன்.