மாண்புமிகு வெட்டிய கொடி

"பேனா புடிக்கிற கைக்குப் பாராங் எதுக்கும்மா? நீ ஓரமா நின்னு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கொடு லா!"

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் தனபாலன் அங்கிள், காட்டைச் சுத்தம் செய்ய நானும் வருகிறேன் என்றதற்கு, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னது இது. எல்லாரும் சிரித்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போய், தாவரவியல் வரை படித்தவள் நான். பாராங்கத்தி எனக்குப் பேனாவுக்கு மூத்த அக்கா!

விஷயம் இதுதான். கிள்ளானில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் காடு. மைக்கானியா என்ற அந்நியக் கொடி ஏறி, மரங்களின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நகராண்மைக் கழகம் சொல்லிவிட்டது — சுத்தம் செய்தால் பூங்கா. இல்லையென்றால் கார் பார்க்.

ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங் — ஊரே கூடிச் செய்யும் துப்புரவு வேலை. தொடங்கிவைக்க மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் — எங்கள் வாயில் 'ஒய்.பி.' — வருவதாக ஏற்பாடு. மாண்புமிகுக்கள் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்? பார்த்தோம்... பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் இறங்கிவிட்டோம். வேரோடு பிடுங்கி, அத்தனை கொடியையும் சாலையோரம் லோரியில் ஏற்றியாயிற்று.

அப்போதுதான் தனபாலன் அங்கிள் ஓடி வந்தார், முகமெல்லாம் வியர்வை.

"ஐயையோ! ஒண்ணு கூட மிச்சம் வைக்கலியா? ஒய்.பி. வந்து எதை வெட்டுவாரு?"

"வெட்ட ஒண்ணுமில்லைன்னா நல்லதுதானே அங்கிள்?"

"போட்டோவுக்கு வேணும்மா! எறக்குங்க, எறக்குங்க!"

லோரியிலிருந்து கொடி இறங்கியது. கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதுபோல, விடுவித்த மரங்களிலேயே மறுபடி கட்டினார்கள்.

"அங்கிள், இது துண்டு விழுந்தா அங்கேயே வேர் விடும்."

"அஞ்சு நிமிஷம்தாம்மா. புத்தகத்துல உள்ளதெல்லாம் இங்க பேசாதே."

மாண்புமிகு வந்தார். பட்டிக் சட்டை, பளபளக்கும் சப்பாத்து. அவர் கையில் பாராங் கொடுக்க முடியுமா? வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் வந்தது! நறுக், நறுக் என்று வெட்டினார். போட்டோக்காரர் "இன்னொண்ணு, ஒய்.பி.!" என்றார். இன்னும் பொடியாக வெட்டினார். கைதட்டல், உரை, சாப்பாடு. லோரிக்காரர் வேறு வேலை இருக்கிறதென்று போய்விட்டார். துண்டுகள் மண்ணிலேயே கிடந்தன.

அன்று மாலையே மழை.

பத்திரிகையில் படம் வந்தது. அங்கிள் அதைக் கண்ணாடி போட்டு மண்டபத்தில் மாட்டினார். அதற்குள் காட்டில், மாண்புமிகு நறுக்கிய ஒவ்வொரு துண்டும் தளிர்விட்டு மரமேறத் தொடங்கியிருந்தது. ஒரு தலைவர் கை வைத்தால் வளர்ச்சி வரும் என்பார்களே — நான் கண்ணால் பார்த்தேன்!

நகராண்மைக் கழக அதிகாரி பார்வையிட வரும் நாள் நெருங்கியது. கொடி திரும்ப ஏறுவதை அங்கிளிடம் சொன்னேன். "மறுபடி ஒய்.பி.யைக் கூப்பிடுவோமா?" என்று கேட்டார்.

நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. மீனாட்சி அக்கா வீட்டுத் தேத்தண்ணீரோடு அதே பெண்கள் இறங்கினோம். ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, சாக்கில் கட்டி, லோரி கிளம்பும்வரை காவல் நின்றோம். அதிகாரி வந்தார், சுற்றினார், "ஓகே லா, பூங்காவாகவே இருக்கட்டும். ஆனா மறுபடி வந்து பார்ப்பேன்" என்று போனார்.

வரட்டும். ஆனால் அடுத்த தடவையும் வெள்ளித் தட்டு வந்துவிட்டால்?

சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நேற்றே மனு கொடுத்துவிட்டேன் — பேனா பிடித்த அதே கையால்.