குதிரைக்குப் போட்ட அரளி மாலை

"அக்டோபர் 4, சனி. காலை 7.05 குதிரைக்குத் தண்ணீர், புல். 8.20 எங்களுக்குப் பொங்கல், சட்னி. 9.10 பூஜை. மாலை போட்டது. படம் எடுத்தது. 9.40 மாலை கழற்றியது."

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது. கடைசி வரி மட்டும் வேறு மையில் இருக்கிறது. அதைப் பதினொரு மணிக்கு மேல், நினைவிலிருந்து எழுதினேன். பத்து நிமிடம் முன்பின்னாக இருக்கலாம்.

குதிரை என் மனைவியுடையது. ஈரோட்டுப் பக்கம் பிறந்து, ஹூஸ்டனில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவள். நாற்பத்தேழாவது வயதில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டே பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரையை வாங்கினாள். பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு லாயத்தில் அது நிற்கிறது. வீடு, கார், மகளின் படிப்பு எல்லாம் நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தவை. குதிரை மட்டும் அவள் தனியாக முடிவெடுத்தது. யாரிடமும் கேட்காமல் தனக்கென்று வாங்கியது இது ஒன்றுதான் என்று அவளே சொல்வாள்.

நான் ஏறியதில்லை. பக்கத்தில் நிற்கவே கொஞ்சம் பயம். வருடத்துக்கு நான்கைந்து முறை, குதிரையோடு தங்க இடம் தரும் ஆற்றோர, ஏரிக்கரைக் கேம்ப்கிரவுண்டுகளுக்குப் போகிறோம். டிரெய்லரை இழுக்கும் பிக்கப்பை ஓட்டுவதும், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று எழுதுவதும் என் வேலைகள்.

இந்த ஊரில் பண்டிகைகள் சனிக்கிழமைக்கு நகர்ந்துவிடும். ஆயுத பூஜை வாரத்தின் நடுவில் வந்துபோயிருந்தது. சனியன்று ஆற்றோரத்தில் இருப்போம் என்பதால் அங்கேயே செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மாலைக்குச் சாமந்தி வாங்கக் கடைக்குப் போனால் தீர்ந்துவிட்டது என்றார்கள். எங்கள் பின்வேலி முழுக்க இளஞ்சிவப்பு அரளி. வெள்ளிக்கிழமை காலை பறித்து, வெள்ளை நூலில் நானே கட்டினேன். பூக்கட்ட எனக்கு நன்றாக வரும். "108 பூ, மாலை தயார்" என்று வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது.

குதிரைக்கும் மாலை போடுவது கடைசி நேர யோசனை.

"அது என்ன வண்டியா, அதுக்குப் போய்ப் பூஜை?" என்றாள் மனைவி.

"வண்டியை விட அதுல தான நீ அதிகமா போற?"

சிரித்துவிட்டாள். நெற்றியில் குங்குமம் வைக்க அவளே அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பைன் மரங்களுக்கிடையே உயரமாகக் கட்டிய கயிற்றில் குதிரையை நீளமாகக் கட்டியிருந்தோம். குனிந்து புல் தின்ன முடியும். மாலை அதன் கழுத்தில் நெஞ்சுவரை தொங்கியது. படத்தைக் கல்லூரியில் இருக்கும் மகளுக்கு அனுப்பினோம். அவள் உடனே வீடியோவில் வந்தாள். "ஓ மை காட், ஷீ லுக்ஸ் லைக் எ பிரைட்" என்றாள். அப்புறம் பரீட்சை, ரூம்மேட் என்று பேச்சு நீண்டது. சிக்னலுக்காக மேட்டுப் பக்கம் நகர்ந்து நின்று பேசினோம். குதிரை மாலையோடு தனியாக நின்றது. எவ்வளவு நேரம் என்று குறிப்பேட்டைக் கேட்டால் முப்பது நிமிடம் என்று சொல்லும்.

திரும்பி வந்து மாலையைக் கழற்றி டிரெய்லர் கதவில் மாட்டினேன்.

பத்தேகால் மணிக்கு, அடுத்த இடத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி தன் சவாரியை முடித்துக்கொண்டு திரும்பினார். அறுபதுக்கு மேல் வயதிருக்கும். குதிரை மேலிருந்தபடியே, அழகாக இருக்கிறதே, என்ன பூ என்று கேட்டார். எனக்குப் பெருமை. எங்கள் வீட்டு வேலியில் பூத்த ஒலியாண்டர், நானே கட்டினேன் என்றேன்.

அவர் உடனே இறங்கினார். தன் குதிரையைத் தூரத்தில் கட்டிவிட்டு வந்து, கத்தாமல், ஒவ்வொரு சொல்லாக என் மனைவியிடம் கேட்டார். உங்கள் குதிரை எவ்வளவு தின்றது? ஒரு கைப்பிடி இலை போதும் ஒரு குதிரையைக் கொல்ல, பூவும் அப்படித்தான், தெரியுமா?

தின்னவே இல்லை என்றேன் நான். மனைவி மாலையைக் கையில் எடுத்தாள். கீழ்ப்பகுதியில், குதிரையின் வாய்க்கு எட்டக்கூடிய இடத்தில், பூக்கள் இல்லை. நூல்தான் இருந்தது.

அடுத்த சில நிமிடங்களுக்குக் குறிப்பு இல்லை. அந்தப் பெண்மணி தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரை அழைத்தார். மருத்துவர் ஏதோ பண்ணையில் கன்று ஈனும் பசுவோடு இருப்பதாகவும் ஒரு மணி வாக்கில் வருவதாகவும் ஃபோனில் சொன்னார். அதுவரை தீவனம் வேண்டாம், நடக்கவிடவேண்டாம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பை எண்ணுங்கள். எத்தனை பூ காணோம் என்று முடிந்தால் கண்டுபிடியுங்கள்.

அது என்னால் முடியும். மாலையில் மீதியிருந்ததை எண்ணினேன். தொண்ணூற்றேழு. வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். நூற்றெட்டு. பதினொன்று குறைகிறது. குதிரை நின்ற இடத்தைச் சுற்றி மண்டியிட்டுத் தேடினேன். பைன் ஊசிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு நன்றாகத் தெரியும். புல்லைக் கொட்டி உதறினேன். ஏழு கிடைத்தன. அதில் ஒன்று நசுங்கியிருந்தது, குளம்பு பட்டிருக்கவேண்டும். இன்னொரு முறை தேடினேன். ஏழுதான்.

"நாலு" என்றேன்.

மனைவி குதிரையின் இடது முன்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள், பேசாதே என்று. எண்ணி முடித்து, "முப்பத்தாறு, எழுதுங்க" என்றாள். எழுதினேன். 10.50, 36. குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பதுவரை இயல்பு.

"அரளி விஷம்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"விதைதான் விஷம்னு..."

"விதை விஷம், பூ மட்டும் பாலா?"

"நம்ம வீட்டுல டெய்லி சாமிக்கு அதத்தான போடறோம்."

"சாமி மாலையத் திங்காதுங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் அரளி விதையை அரைத்துக் குடித்துச் செத்தவர்களைப் பற்றி எல்லா வீட்டிலும் பேச்சு உண்டு. அந்த விதை பெரும்பாலும் மஞ்சள் அரளியினுடையது, செடியே வேறு என்றும் நான் படித்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது ஒரே வகை நஞ்சு என்றும் அதே பக்கத்தில்தான் படித்தேன். படித்ததும் மாலை கட்டியதும் என் தலைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. கோயிலில் பார்த்த பூ, கையில் எடுத்தேன், கட்டினேன்.

11.05, 38. 11.20, 36. 11.35, 40. அந்த நாற்பதுக்கு அடியில் கோடு போட்டேன். மனைவி, "நான் அழுததால அவளுக்கும் டென்ஷன், அவ்வளவுதான்" என்றாள். அழுததாக எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் குதிரையின் பக்கம் இருந்தது.

உட்கார முடியவில்லை. ஆற்றுக்கும் டிரெய்லருக்கும் இடையே நடந்தேன். ஆறு கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியை மடக்கினேன், திரும்ப விரித்தேன். பிக்கப் சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துத் தூர எறிந்தேன், குதிரை அதையும் தின்றுவிடுமோ என்று. சாலையில் தூசி எழும்போதெல்லாம் போய்ப் பார்த்தேன். இரண்டு முறை மீன்பிடிக்க வந்தவர்கள்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். சொன்னேன். "அப்பா, யூ கூகுள் எவ்ரிதிங். எவ்ரிதிங். யூ டிட்ன்ட் கூகுள் திஸ்?" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட குடு." அந்த இரண்டு சொல்லை அவள் தமிழில் சொன்னாள்.

குதிரை காதை ஆட்டியது, வாலை வீசியது, பசிக்கிறது என்று காலால் மண்ணைத் தோண்டியது. வயிற்றுவலி வந்தாலும் குதிரை இப்படித்தான் தோண்டும் என்று மனைவி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பசியா, வலியா? அவளிடம் கேட்கத் தைரியமில்லை. "12.10, மண்ணைத் தோண்டியது" என்று மட்டும் எழுதினேன்.

மருத்துவர் 1.05க்கு வந்தார். இளம்பெண், சட்டைக் கையில் காய்ந்த ரத்தம், பசுவினுடையது. வெகுநேரம் கேட்டார். துடிப்பின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்றார். ஓய்வாக நிற்கும் ஆரோக்கியமான குதிரைக்கும் இப்படி விட்டுப்போவது உண்டு. அரளி வேலை செய்யத் தொடங்கினாலும் விட்டுப்போகும். இரண்டில் எது என்று காதால் சொல்ல முடியாது. மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றில் கரிக்கரைசல் ஊற்றினால், உள்ளே நஞ்சு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றுமே தின்னவில்லை என்றால், அந்த வேதனையைக் குதிரைக்குக் கொடுக்காமல் காத்திருந்து பார்க்கவே விரும்புவேன் என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான்கு என்பது உறுதியா?

"உறுதி" என்றேன். குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். கழித்தல் கணக்கை அழகாகப் போட்டிருந்தேன்.

குழாய் முதல் முறை சரியாகப் போகவில்லை. குதிரை தலையைத் தூக்கியதில் மனைவி கயிற்றோடு இழுபட்டாள். இரண்டாம் முறை போனது. கரியை ஊற்றி, குழாயை வெளியே எடுத்ததும் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் நினைத்ததைவிட நிறைய. இது அடிக்கடி நடப்பதுதான், தானே நின்றுவிடும் என்றார் மருத்துவர். மனைவி தன் துப்பட்டாவால் துடைத்தபடி, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஈரோட்டுக்காரி, குதிரையோடு தமிழில்தான் பேசுவாள். ரத்தம் சுமார் இருபது நிமிடத்தில் நின்றது.

மாலையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, கேம்ப்கிரவுண்டின் பெரிய குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். எரித்தால் புகையும் ஆகாது என்று பக்கத்து இடத்துப் பெண்மணி எச்சரித்திருந்தார்.

மறுநாள் மதியம்வரை கவனிக்கச் சொன்னார் மருத்துவர். கவனித்தோம். துடிப்பு நாற்பதைத் தாண்டவில்லை. ஞாயிறு காலை, ஊற்றிய கரி கலந்து கருப்பாகச் சாணம் போட்டது. அதைப் பார்த்து இரண்டு பேர் அவ்வளவு நிம்மதி அடைந்ததை வேறெங்கும் நான் பதிவுசெய்ததில்லை. 2.15க்குக் கிளம்பினோம்.

ஃப்ரீவேயில் ஏறும்வரை மனைவி பக்கக் கண்ணாடியில் டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"நூத்தியெட்டுன்னு எண்ணித்தான் கட்டினீங்களா?"

"எண்ணித்தான்."

"ஒவ்வொண்ணா? இல்ல, மாலைன்னா நூத்தியெட்டு, அதனால நூத்தியெட்டா?"

எண்ணினேன் என்று மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டுதான் கட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்மியூட் செய்து ஏதோ பதில் சொன்னேன். திரும்பி வந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். எந்த எண்ணிலிருந்து? அறுபத்திரண்டு என்று தோன்றியது, உண்மையில் ஐம்பத்தெட்டாகவும் இருந்திருக்கலாம். முதலிலிருந்து எண்ணிப் பார்க்கவில்லை. இதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த நாலு..."

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"அந்த டாக்டர் பொண்ணு உங்களப் பாத்துக் கேட்டா. உறுதியான்னு கேட்டா."

"ஆமா."

"குதிரை மூக்குல ரத்தம் வர்றப்ப நான் என்ன நினச்சேன் தெரியுமா? பரவால்ல, நாலு பூ உள்ள இருக்கு, இது வேணும்னு நினச்சேன்."

அடுத்த கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் டிரெய்லர் ஜன்னல் வழியே குதிரையின் மூக்கைப் பார்த்தாள். திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இனிமே நீங்க எழுதுங்க, வேணாங்கல. டாக்டர்ட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். இதுவரை அப்படித்தான் நடக்கிறது.

திங்கட்கிழமை அவளே மருத்துவரை அழைத்து நடந்ததைச் சொன்னாள். ஒரே ஒரு பூ என்று சொல்லியிருந்தாலும் குழாய் போட்டிருப்பேன், ஒன்றுமே இல்லை என்றால் போட்டிருக்கமாட்டேன் என்றாராம்.

அன்று மதியம் வேலை நடுவே எனக்கு ஒன்று உறைத்தது. பூ உதிர்ந்த இடத்தில் நூலில் வெறும் முடிச்சு இருந்திருக்கும். நூற்றெட்டைப் பற்றிக் கவலையே படாமல் அந்த வெற்று முடிச்சுகளை எண்ணியிருந்தால், எத்தனை உதிர்ந்தன, கிடைத்த ஏழு போக எத்தனை வயிற்றுக்குள் போயின என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாலை என் கையில்தான் இருந்தது. நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். கேம்ப்கிரவுண்டுக்கு ஃபோன் செய்தேன். ஞாயிறு மாலையே தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள்.

குதிரை நலம். பின்வேலி அரளியை அடுத்த சனிக்கிழமை வேரோடு எடுத்தோம். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் 108 என்பதை நான் அடிக்கவில்லை, திருத்தவுமில்லை. பக்கத்தில் சிறியதாக எழுதியிருக்கிறேன்: இந்த எண் சரிபார்க்கப்படவில்லை.