மரியநாயகி தூக்காத காலை

நகரசபையை டென்மார்க்கின் அந்த ஊரில் எல்லோரும் கொம்யூன் என்றுதான் சொல்வார்கள். கொம்யூனிலிருந்து ஆள் வருகிறது என்றால் மரியநாயகிக்கு அது விருந்தாளி. 1986 செப்டெம்பரில், வீட்டுதவிப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் காலை பத்து மணிக்கு வருவார் என்று கடிதம் வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே அசையாத அவள் கணவன் பேனாட்டுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் உதவியாள் அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர் அவர்தான்.

அன்றைக்கு மரியநாயகி உதவியாளுக்குக் காத்திராமல் நாலரைக்கு எழும்பினாள். கணவனைத் துடைத்து, வயிற்றுக்குப் போகச் செய்து கழுவி, மூத்திரப்பையை மாற்றி, விறைத்த கால்களை மடக்கி நீட்டி, உடுப்புப் போட்டுச் சக்கர நாற்காலியில் இருத்த இரண்டரை மணி நேரம் போயிற்று. பிறகு சவரம், சீப்பால் தலை இழுப்பு, ஸ்திரி போட்டு மினுக்கின வெள்ளைச் சேட்டு. மூத்திரப்பையின் மேல் ஒரு சால்வை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு. பத்து மணிக்கு மேசையில் ரோல்சும் கட்லட்டும் கேக்கும் இருந்தன. வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறான் என்று சொல்ல முடியாது.

மொழிபெயர்க்கக் குலேந்திரன் வந்திருந்தான். எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் பேனாட்டோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவன்.

"காலமை எழும்பி வெளிக்கிட எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கேக்கிறா, அண்ணை."

"ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு சொல்லு," என்றான் பேனாட்.

"அக்காவுக்குக் கஷ்டமோவாம்."

"என்ர மனிசனைப் பாக்கிறது எனக்குக் கஷ்டமே? நான் சந்தோஷமாத்தான் செய்யிறன் எண்டு சொல்லுங்கோ. கேக்கை எடுக்கச் சொல்லுங்கோ, சும்மா பாத்துக்கொண்டிருக்கிறா."

குலேந்திரன் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிர்ஸ்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டு, வீடு மிக அழகாக இருக்கிறது என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. அதுவரை தினமும் இரண்டு மணி நேரம் ஆள் வந்தது. இனிமேல் காலையில் ஒரு மணி நேரம், அதுவும் சனி ஞாயிறு இல்லை. கணவர் நன்றாகத் தேறியிருக்கிறார், மனைவி விருப்பத்தோடு பராமரிக்கிறார் என்று காரணம் போட்டிருந்தது.

"நாங்கள் சொன்னதைத்தான் அக்கா எழுதியிருக்கினம்," என்றான் குலேந்திரன்.

மறைப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பேனாட் டென்மார்க்குக்கு வந்தது 84 இலையுதிர் காலத்தில். அடுத்த பெப்ரவரியில், வேலைக்குப் போகும் வழியில், பனி உறைந்த சரிவில் சைக்கிளோடு விழுந்தான். கழுத்தெலும்பு முறிந்தது. அதற்குக் கீழே எல்லாம் அசைவற்றுப்போயிற்று. இலங்கையில், பேசாலையில் இருந்த மனைவிக்குக் குலேந்திரனின் எழுத்தில் கடிதம் போயிற்று: கை சுளுக்கிவிட்டது, அதனால் நண்பன் எழுதித் தருகிறான். அந்தச் சுளுக்கு ஒன்பது மாதம் நீடித்தது. குடும்பத்தைச் சேர்க்கும் விசாவில் வந்து இறங்கியவளைக் குலேந்திரன் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அவள் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் கை நடுங்காது. தாதிமார் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே பழகினாள். 86 ஜனவரியில் பேனாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

நேரம் குறைந்தபிறகு மற்றதெல்லாம் அவள் முதுகில் ஏறியது. ஒக்டோபரில் ஒரு காலை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்புக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது. அவள் விடவில்லை, விடாததால் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். நாற்பது நிமிடம் தரையில் கிடந்தார்கள், அவன் தலை அவள் கைக்கு மேல். ஏழு மணிக்கு உதவிக்கு வருகிற எல்லன் தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்து வந்து கண்டாள்.

இனித் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அதைக் கொம்யூனுக்குக் கொடுத்ததும் கிர்ஸ்டன் தொலைபேசியில் குலேந்திரனிடம் சொன்னார்: மனைவியால் முடியாவிட்டால் பராமரிப்பு இல்லத்தில் ஓர் இடம் பார்க்கலாம். நவம்பர் கடைசியில் ஒன்று காலியாகும்.

"அங்கை எல்லாருக்கும் எண்பது வயசு, அண்ணை."

"அப்ப நான் அங்கை வாலிபன்," என்றான் பேனாட். வேறு யாரும் சிரிக்கவில்லை.

எல்லனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத விவசாய வீட்டுப் பெண். மரியநாயகியின் அரைகுறை டேனிஷ் அவளுக்குப் போதும். அடுத்த நாள் குசினியில் கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கிர்ஸ்டன் வந்தபோது என்ன கொடுத்தாய்?"

"கேக்."

"அவள் கேக்கைத்தான் எழுதினாள்." எல்லன் கையைத் துடைத்தாள். "மறுபடி பார்க்கவேண்டும் என்று கேள். காலை ஆறரைக்கு வரச் சொல். நீ ஒன்றையும் தொடாதே. நான் சொன்னேன் என்று சொல்லாதே."

கேட்கும்போது அது நல்ல யோசனையாக இருந்தது. பேனாட்டிடம் சொல்லும்போதுதான் அது என்னவென்று அவளுக்கே தெரிந்தது.

"என்னை நாறவிட்டுக் காட்டப்போறீரோ?"

"ஓம்."

"ஆரெண்டே தெரியாத ஒரு பொம்பிளைக்கு."

"எல்லனும் ஆரெண்டே தெரியாத பொம்பிளைதானே?"

"அவ வேலை செய்ய வாறவ. இவ பாக்க வாறவ."

"பாத்தால்தானே எழுதுவா."

"தேவையில்லை. நான் அங்கை போறன்."

"போய்?"

அவள் விடவில்லை. "அண்டைக்கு விழுந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விழுந்திருந்தால் திங்கள் வரைக்கும் கிடந்திருப்பம். அதை யோசிச்சனீங்களோ?"

அவனால் திருப்பக்கூடியது முகம் மட்டும்தான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நவம்பர் பதினோராம் திகதி காலை ஆறரைக்குக் கிர்ஸ்டனும் குலேந்திரனும் மணி அடித்தார்கள். வெளியே இன்னும் இருட்டு. மரியநாயகி வீட்டுச் சட்டையோடு, வாராத தலையோடு கதவைத் திறந்தாள். வந்தவருக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூட வைக்கவில்லை; அடுப்பு மூட்டினால் கை பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் தொடங்கிவிடும் என்று பயந்தாள்.

அறையில் மணம் இருந்தது. இரவில் மூத்திரக்குழாய் கழன்று படுக்கை நனைந்திருந்தது. அவள் அதை ஐந்து மணிக்கே கண்டுவிட்டாள். கண்டும் ஒன்றரை மணி நேரம் குசினிக் கதிரையில் இருந்தாள். அவன் கூப்பிடவில்லை.

கிர்ஸ்டன் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதை இப்படியே விட்டுவிடுவீர்களா?"

குலேந்திரன் மெதுவாக மொழிபெயர்த்தான். மரியநாயகி அவனுக்குப் பதில் சொல்லாமல் நேரே டேனிஷில் சொன்னாள். "நான் செய்வது. இப்போது முடியாது. டொக்டர் எழுதியிருக்கிறார்."

ஏழுக்கு எல்லன் வந்தாள். எதுவும் தெரியாதவள்போலத் தண்ணீர் வாளியை வைத்து, போர்வையை எடுத்தாள். குளிர் பட்டதும் பேனாட்டின் கால்கள் இழுத்துக்கொண்டன. எப்போதும் அப்படித்தான், மரியநாயகி முழங்காலை அமர்த்திப் பிடித்தால் அடங்கும். இன்றைக்குப் பிடிக்க யாரும் இல்லை. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே உதறியது, இடுப்பு அதன் பின்னால் நழுவியது. எல்லன் மறுபக்கத்தில் நின்றாள். மரியநாயகி இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். அவள் கை நீண்டது.

பேனாட் அவளைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை இல்லை. தொட்டுப்பார் என்று சவால் விடுவதுபோல் இருந்தது.

அவள் கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

கிர்ஸ்டன் தாள்களைத் தரையில் போட்டுவிட்டுப் பாய்ந்து காலைப் பிடித்தார். பாரம் அவரை முழங்காலில் இருத்தியது. "நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது," என்றாள் எல்லன், யாருக்கும் இல்லாமல் சுவருக்குச் சொல்வதுபோல். கிர்ஸ்டன் எழும்பி மேலங்கியைக் கழற்றினார்.

இரண்டு பெண்களும் சேர்ந்து செய்தார்கள். குலேந்திரன் யன்னல் பக்கம் திரும்பி நின்றான். துடைத்தார்கள், பிரட்டினார்கள், விரிப்பை மாற்றினார்கள், மறுபடி நனைந்ததால் மறுபடி மாற்றினார்கள். மரியநாயகி சுவரோடு நின்று பார்த்தாள். பேனாட்டின் இடுப்பில் படுக்கையால் சிவந்திருந்த இடத்தில் அவர்கள் துணியை அழுத்தியபோது பல்லைக் கடித்தாள். பேனாட் நாற்காலிக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பது. கிர்ஸ்டனின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் தாள்களைப் பொறுக்கி நேரத்தைக் குறித்துவிட்டுப் புறப்படப் பார்த்தார்.

"குலேந்திரன்," என்றான் பேனாட். அவ்வளவு நேரமும் வாய் திறக்காதவன். "அவவை இருக்கச் சொல்லு. இது காலமை மட்டும். பின்னேரம் படுக்கப்போடேக்கை இதெல்லாம் திருப்பி இருக்கு. ராவிலை மூண்டுதரம் பிரட்டோணும், இல்லாட்டிப் புண் வரும். சாப்பாடு தீத்திறது வேறை."

"அண்ணை, எல்லாத்தையும் சொல்லவோ?"

"எல்லாத்தையும் பாத்தாச்சு. இனி என்னத்தை மறைக்கிறது, சொல்லு."

கிர்ஸ்டன் கதிரையில் உட்கார்ந்து இரண்டாவது தாளை எடுத்தார்.

அதன் பிறகு ஒன்பது நாள் பேனாட் மனைவியோடு பேசவில்லை. தண்ணி என்பான், தலை கடிக்குது என்பான், அவ்வளவுதான். ராசமலர் என்ற அயல்வீட்டுப் பெண் கறி கொண்டுவந்தபோது அவளோடு அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். மரியநாயகிக்குக் கேட்கவேண்டும் என்றே கதைத்தான். அவளும் கேட்டுக்கொண்டு துணி மடித்தாள். பராமரிப்பு இல்லத்து இடம் காலியாக இன்னும் ஒரு கிழமை இருந்தது. தபால்காரரின் மஞ்சள் சைக்கிள் தெருவில் தெரிந்தால் அவள் கதவடிக்குப் போய் நிற்பாள்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. குலேந்திரன் வேலை முடிந்து, மீன் மணத்தோடு வந்து வாசித்தான். காலையில் இரண்டு பேர், இரண்டு மணி நேரம். மாலையில் இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். சனி ஞாயிறும் உண்டு. இல்லத்து இடம் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும்.

மரியநாயகி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அமர்ந்தாள். அப்படி மெதுவாகத்தான் அவளால் இப்போது இருக்க முடியும்.

"ராவு?" என்றான் பேனாட்.

"ராவுக்கு ஒண்டும் போடேல்லை, அண்ணை. மனைவி வீட்டில் இருப்பதால், எண்டு கிடக்கு."

பேனாட் மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"கிர்ஸ்டனை விடியப்புறம் ரெண்டு மணிக்கு ஒருக்கா வரச் சொல்லும்."

குலேந்திரன் சிரித்துவிட்டான். மரியநாயகி சிரிக்கவில்லை. முடிவை மறுத்து எழுத எத்தனை நாள் தவணை தந்திருக்கிறார்கள், கடைசி வரியைத் திருப்பி வாசியுங்கள் என்று கேட்டாள்.