மூன்றாவது படத்தில் அப்பா

செத்துப்போன என் அப்பா என் மண்டைக்குள் குடிவந்துவிட்டார் என்று நான் கொஞ்ச நேரம் நிஜமாகவே நம்பினேன். சிரிப்பு வருகிறதா, சிரித்துக்கொள்ளுங்கள். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். அன்னூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற என் கடை சுடுகாட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது, இத்தனை வருஷத்தில் ஒரு பேய்கூட மோட்டார் ரிப்பேருக்கு வந்ததில்லை.

எனக்கிருந்த பயம் வேறு. ஆயுசு முழுக்க என்னை "டேய்" என்றே கூப்பிட்ட அப்பா, ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, எந்த ஊருங்க நீங்க?" என்றார். அந்த மரியாதைக்குப் பயந்ததுபோல நான் எதற்கும் பயந்ததில்லை. அதற்கப்புறம் அவருக்கு ஞாபகம் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு நான் வண்டிச்சாவியைத் தேடினாலே, சரி, நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று வேர்த்துவிடும். கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்காக வருஷம் ஒருமுறை மூளையை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தேன்.

மூன்றாவது ஸ்கேனும் முடிந்து, நஸீமா வரச்சொல்லியிருந்தார். கோட்டைமேட்டுப் பெண், புள்ளியியல் படித்தவர், அங்கே கணக்குப் போடுவது அவர்தான்.

"உங்க மூளைய உங்க பழைய மூளையோடயே ஒப்பிடறோமுங்ண்ணா. எங்க, எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு கணக்கு சொல்லிரும்."

"தேயறது இருக்கட்டும் அம்மணி, மொதல்ல இருந்துச்சா?"

சிரித்துக்கொண்டே என் மூன்று தலைகளையும் திரையில் வரிசையாகத் திறந்தார். முதல் இரண்டிலும் முகமே இல்லை, இளநீர் சீவியதுபோல மழமழவென்று இருந்தது.

"மூஞ்சி எங்கீங்க?"

"யாரோட தலைன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு சாஃப்ட்வேரே மூஞ்சிய வெட்டிருமுங்ண்ணா. எங்களுக்கு மூளை போதும்."

அப்படியா என்று மூன்றாவதைப் பார்த்தேன். அதில் முகம் இருந்தது. என்னுடையது இல்லை. மொட்டைத் தலை, மீசை கிடையாது, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, பழனியில் முடி கொடுத்துவிட்டு வந்த வாரமே போய்ச் சேர்ந்த அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே. சின்ன வயதில் கன்றுக்குட்டி உதைத்து அவருக்கு விழுந்த பள்ளம்கூட அதே இடது கன்னத்தில் இருந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். "அப்பா, இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டது என் வாய்தான். அப்புறம் கதவைத் திறந்து ஓடினேன், லிஃப்ட் என்று நினைத்து நுழைந்தது ஸ்கேன் அங்கி அடுக்கும் அலமாரி. உள்ளே இருட்டில் நின்றபோது ஒன்றுதான் ஓடியது: அவர் வந்துவிட்டார் என்றால் அவருடைய மறதியும் பின்னாலேயே வரும், நாளைக்கு என் மகனைப் பார்த்து எந்த ஊருங்க என்று கேட்பேன்.

நஸீமா அலமாரியைத் தட்டினார்.

"அண்ணா, வெளிய வாங்க. அது நீங்கதானுங்க. ஸ்கேன்ல முடி, மீசையெல்லாம் உளுகாது, யாரா இருந்தாலும் மொட்டைதான்."

"அந்தப் பள்ளம்?"

"புதுசா பல்லுக்கு கேப் போட்டீங்களா?"

"போன மாசம் போட்டேன்."

"அந்த உலோகம் பக்கத்துல இருக்கறத நெளிச்சுப்போடுமுங்க, அதான் பள்ளம். சாஃப்ட்வேருக்கும் எங்க வெட்டறதுன்னு தெரியாம மூஞ்சிய உட்டுருச்சு."

"மூளை?"

"உங்க வயசுல எல்லார்த்துக்கும் தேயற அளவுதானுங்க. கணக்குல வேற ஒண்ணுமே இல்ல."

ஒரு ஸ்கேன் அங்கியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று அந்த அங்கியைத்தான் கேட்க வேண்டும். வந்த சந்தோஷத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இதுதானுங்க அந்த கேப் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினேன்.

நஸீமா எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார். படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று எதையோ தட்டிச் சரிபார்த்தார், மாறவில்லை.

"சில நேரம் இப்படி ஆகுமுங்ண்ணா" என்று படத்தை மூடிவிட்டார்.

கேப் போட்ட பல் வலது பக்கம். பள்ளம் இடது பக்கம்.