ஆயில் மூடியில் கட்டிய பட்டிழை

சின்ன காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வேன் ஓட்டுகிற சிட்டிபாபுவைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் தாத்தா ஆதிகேசவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் தென்னேரியில் ஒரு பண்ணைக்காரரின் களத்துக்குக் காவல் இருந்தவர். நெல் குவியலின் மேல் சாம்பலால் குறி போட்டுவிட்டுத்தான் படுப்பார். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்துவிடும். நெல் பண்ணைக்காரருடையது, சந்தேகம் மட்டும் இவருடைய சொந்தச் சொத்து. அதை மகள் கங்கையம்மாளுக்குக் கொடுத்து அனுப்பினார். கங்கையம்மாள் எனக்குச் சின்னம்மா மகள். அவள் பெற்ற ஒரே பிள்ளை சிட்டிபாபு.

பந்தியில் உட்கார்ந்தால் தன் இலையில் விழுந்த வடையைப் பார்க்கும் முன் பக்கத்து இலை வடையைப் பார்ப்பான். டயருக்குக் காற்று அடித்தால் இறங்கி மீட்டரைப் பார்ப்பான், பிறகு காலால் உதைத்தும் பார்ப்பான். மற்றபடி கெட்டவன் இல்லை. குடி கிடையாது.

அவன் மனைவி கலையரசிக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு முடியும்போது அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அவள் முறுக்கினால் ஒட்டு எங்கே இருக்கிறதென்று நெய்கிறவனுக்கே தெரியாது. அவளுக்கு ஒரே தம்பி, ஜோசுவா. தென்னேரி ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். கலையரசியின் பிறந்த வீட்டார் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால்தான் சிட்டிபாபுவின் மகளுக்கு ஷாரோன் என்று பெயர் வந்தது.

போன வருஷம் ஷாரோனுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. அந்தச் சமயத்தில்தான் வேனில் ஆயில் குறைய ஆரம்பித்தது. ஜோசுவா ஆயில் மாற்றி இரண்டு வாரம் ஆகவில்லை, அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் பாதிக்குக் கீழே இருந்தது. ஊற்றினார்கள். மறுபடி இறங்கியது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பிசிவி வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டது, மாற்றிவிடலாம் என்று ஜோசுவா சொன்னான். இன்ஜின் அடியில் சேருகிற ஆவியை மறுபடி எரிய அனுப்புகிற சின்ன வால்வு அது. திறந்தே கிடந்தால் ஆவியோடு ஆயிலும் போய் எரிந்துவிடும் என்று விளக்கியும் சொன்னான்.

சிட்டிபாபு தலையாட்டினான், நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆயில் போகிறதென்றால் சொல்கிறவன் கையைத்தானே பார்க்க வேண்டும்? வண்டியை ஷெட்டில் விடும்போதெல்லாம் ஜோசுவா ஆயிலை இறக்கி வேறு வண்டிக்கு ஊற்றுகிறான் என்று தனக்குள்ளே தீர்ப்பு எழுதிவிட்டான்.

தாத்தாவின் சாம்பல் குறி அவனுக்கு ஞாபகம் வந்தது. வண்டிக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது, காப்புக் கட்டு என்று கலையரசியிடம் பொய் சொன்னான். அவளும் பட்டிழை எடுத்து ஆயில் மூடியில் ஒன்று, அடியில் ஆயில் இறக்குகிற போல்ட்டில் ஒன்று, முடிச்சே தெரியாமல் முறுக்கிக் கட்டினாள். பிரேக் பார்க்க வேண்டும் என்று சொல்லி சிட்டிபாபு வேனை ஒரு நாள் முழுக்க ஜோசுவா ஷெட்டில் விட்டான். எடுத்து வந்து பார்த்தான். இரண்டு இழையும் கட்டியபடியே இருந்தன. அடுத்த வாரம் அளவுக் கம்பியைப் பார்த்தான். ஆயில் இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சந்தேகத்தை விட்டிருப்பார்கள். இவனுக்கு அது வேறு பக்கம் திரும்பியது. இந்த முறுக்கை அறுத்துவிட்டு மறுபடி இதே மாதிரி முறுக்க இந்த ஊரில் ஒரு கைதானே உண்டு? அந்தக் கைக்காரி அன்றைக்குத் தம்பியைப் பார்க்க ஷெட்டுக்குப் போய்வந்தவள் அல்லவா?

சோறு போடும்போது கேட்டேவிட்டான். கலையரசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காப்புன்னு சொல்லி என் கையாலயே எனக்குப் பூட்டுப் போட்டியா நீ?"

நிச்சயத்துக்கு ஜோசுவா என் வாசலை மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னான். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணுக்கு நிச்சயம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? கலையரசிக்கு இருக்கிற பிறந்த வீடே அந்தத் தம்பிதான். அவள் அழவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாளிலிருந்து வேன் ஸ்டாண்டுக்குப் போன சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் பட்டிழை முறுக்கிக் கட்டியிருந்தது. அறுத்தால்தான் சோறு. மற்ற டிரைவர்கள் இது என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். மோர் இருக்கிறது, சிந்தாமல் இருக்க என்று சமாளித்தான்.

நிச்சயத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஜோசுவாவுக்கு எதிராக ஒரு சாட்சி வேண்டுமென்று வண்டியை அஹமது பாஷாவிடம் கொண்டுபோனான். பாஷா நாற்பது வருஷ மெக்கானிக். வண்டி உள்ளே வரும்போதே புகை நீலமாக இருக்கிறதென்றார். யாரும் எதுவும் சொல்லாமலே பிசிவி வால்வைக் கழற்றினார்.

"இதையேதான் என் மச்சானும் சொன்னான். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினீங்களா பாய்?"

"ரெண்டு டாக்டர் ஒரே நோவைச் சொன்னா நோவு இருக்குதுன்னு அர்த்தம்பா. பேசிக்கினாங்கன்னு அர்த்தமில்ல."

வால்வைத் துடைத்து அவன் கையிலேயே கொடுத்துக் காதருகே ஆட்டச் சொன்னார். சத்தமே இல்லை. புதுசை ஆட்டினான், கடகடவென்றது. பழையதை ஊதச் சொன்னார். எந்தப் பக்கம் ஊதினாலும் காற்று போயிற்று. புதுசில் ஒரு பக்கம்தான் போயிற்று. வால்விலிருந்து போகிற குழாயில் பாஷா விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்க ஆயில்.

"உன் ஆயிலைத் திருடினது உன் வண்டியேதான். போய் அதும்மேல கேஸ் போடு."

புது வால்வு போட்ட பிறகும் அவன் நம்பவில்லை. பத்து நாள் ஓட்டினான். சென்னைக்கு நாலு சவாரி, திருமுக்கூடலுக்கு இரண்டு. தினமும் காலையில் அளவுக் கம்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். மேல்கோட்டிலேயே நின்றது.

பதினோராம் நாள், ஜோசுவாவை அழைக்கப் போகலாம், கிளம்பு என்று கலையரசியிடம் சொன்னான். அத்தனை நாளுக்கு அப்புறம் அவள் வாய் திறந்தாள்.

"பூட்டினது நீதானே. நீயே போய்த் தொற."

தனியாகத்தான் போனான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் அந்தப் பழைய வால்வு. தட்டை நீட்டினான். ஜோசுவா வெற்றிலையைத் தொடவில்லை. வால்வை எடுத்துக் காதருகே ஆட்டினான். வேலை செய்துகொண்டே கொஞ்ச நேரம் அவனை நிற்க வைத்தான். அதுவும் நியாயம்தான்.

"அக்காவை இன்னா கேட்டே நீ? அதைச் சொல்லு, வரேன்."

ஷெட்டில் நாலு பேர் இருந்தார்கள். சிட்டிபாபு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த பிறகுதான் ஜோசுவா கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான்.

நிச்சயத்தன்று தாய்மாமன் மாலையோடு முதல் ஆளாக வந்தான். மறுநாள் ஸ்டாண்டுக்குச் சாப்பாடு வந்தது. மூடியில் இழை இல்லை. சிட்டிபாபு தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் யார் திறந்திருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்தானாம். பிறகுதான் சாப்பிட்டான்.